நிறுத்தி வைத்த படம்

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. கார்கில் சண்டையில் இறந்துபோன செந்தூர்பாண்டியின் சிலை. என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவன் என்பதால் சொல்கிறேன், மீசை மட்டும்தான் அவனுடையது. மூக்கு சிற்பிக்குத் தெரிந்த யாருடையதோ. ஒவ்வோர் ஆனியிலும் அவன் இறந்த நாளில் மாலை போட்டுக் கூட்டம் நடத்துவோம். விழாக்குழுவுக்கு நான்தான் செயலாளர். உள்ளூர் வாத்தியார் தலையில்தானே எல்லாம் விடியும்.

கூட்டத்துக்கு ஆட்கள் வருவது என் பேச்சைக் கேட்க இல்லை, அவன் மனைவி இசக்கித்தாயின் பேச்சைக் கேட்க. அவளுக்கு இப்போது ஐம்பது வயது. விடியுமுன் வாழைத்தோட்டத்தில் இறங்கி, இலை அறுத்துக் கட்டி, முதல் பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் சந்தைக்குக் கொண்டுபோவது அவள் பிழைப்பு. இலைக்கட்டை இறக்கச் சொன்ன கண்டக்டரை அவள் கேட்ட கேள்வியில் அந்த மனிதர் வேறு ரூட் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று ஊரில் பேச்சு.

அந்த வாயால் அவள் வருடாவருடம் சொல்வது ஒரே கதை. மலைமேல் மூன்று பேர் குண்டடிபட்டுக் கிடந்தார்கள். செந்தூர்பாண்டி ஏறி ஒருவனைத் தோளில் போட்டு இறக்கினான். மறுபடி ஏறி உவரிக்காரர் எபனேசரை இறக்கினான். "போதும்லே, போகாத" என்று எபனேசர் அவன் காலைப் பிடித்திருக்கிறார். "அவனுக்கும் வீட்ல ஆள் இருக்கும்லா" என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவை ஏறினான். மூன்றாமவனும் வரவில்லை, அவனும் வரவில்லை. ஒரு காலை இழந்த எபனேசர் வீடு தேடி வந்து சொன்னது இது. இசக்கித்தாய் சொல்லும்போது அந்த மலை எங்கள் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பதுபோல இருக்கும்.

அவன் சாகும்போது பிள்ளை அவள் வயிற்றில் மூன்று மாதம். பிறந்த பிள்ளைக்கு, வழக்கப்படி, தகப்பன் பேரையே வைத்தார்கள். புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டாள் என்பதால் மகன் அவளுக்கு எப்போதும் தம்பிதான். அச்சு அசல் அப்பன் முகம். கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், அவனும் பட்டாளத்துக்குப் போனான். இப்போது எல்லையில் இருக்கிறான்.

இந்த ஆனியில் எல்லையில் மறுபடி குண்டு விழுந்தது. டீக்கடை டிவியில் அதே பேச்சு. தம்பியிடமிருந்து ஆறு நாளாகப் போன் வரவில்லை. இசக்கித்தாய் இலைக்கட்டோடு நிற்கும்போதும் போனை இடுப்பில் சொருகாமல் கையிலேயே வைத்திருந்தாள். விழாவைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டேன். "அவியளுக்குச் செய்யுததை எதுக்கு சார் நிறுத்தணும்?" என்றாள்.

ஃப்ளெக்ஸ் அடிக்க டவுணில் ஒரு கடையில் சொன்னேன். பழைய போட்டோவை அனுப்பினேன். கடைப்பெண் படம் மங்கலாக இருக்கிறது என்றாள். "நல்லதாப் பார்த்துப் போடும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை காலையில், எலக்ட்ரீசியன் முத்துமாலை ஏணியில் ஏறிச் சிலைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸைக் கட்டினான். நான் கீழே நின்று படத்துக்குப் போட ரோஜாமாலையை எடுத்துக் கொடுத்தேன். எட்டடி உயரத்தில் 'வீரவணக்கம்', கீழே செந்தூர்பாண்டி என்ற பேர், நடுவில் பளிச்சென்று ராணுவத் தொப்பியோடு முகம். நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

இலைக்கட்டோடு வந்த இசக்கித்தாய் நின்றாள். பைய இலைக்கட்டை இறக்கிவைத்தாள்.

"சார், இது தம்பி படம்லா."

கடைப்பெண் பேரைப் போட்டுத் தேடி, இணையத்தில் கிடைத்த தெளிவான படத்தை எடுத்துப் போட்டிருக்கிறாள். உயிரோடிருக்கும் பிள்ளை. அவன் படத்துக்கு மாலை.

"சவத்தைக் கழட்டிப் போட்டுருவோம் சார்" என்றான் முத்துமாலை. எரிச்சலில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கழற்றிய படத்தை என்ன செய்வது? கிழிக்கலாம் என்றேன். "தம்பி முகத்தையா?" என்றாள். எரிக்கவும் கூடாது, ஆற்றில் விடவும் கூடாது. செத்தவர்களுக்குச் செய்வதெல்லாம் அதுதானே. கடைசியில் மாலையை எடுத்துச் சிலையின் கழுத்தில் போட்டுவிட்டு, படத்தைப் பாய்போலச் சுருட்டித் தானே தோளில் தூக்கிக்கொண்டாள். அந்தச் சுமையோடு அவள் தெருவில் போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மதியம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த ஃப்ளெக்ஸ் சுருள் வீட்டு மூலையில் சுவரோடு நின்றிருந்தது. சாய்ந்திருந்ததைப் படுக்கவைத்து ஓரமாகத் தள்ளலாமென்று குனிந்தேன்.

"படுக்க வைக்காதீய சார்! நிக்கட்டும்."

அப்போது போன் அடித்தது. அவள் அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கியது. தம்பியின் குரல்தான். "எம்மா, நல்லாருக்கேன்" என்றான். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள். நான் உவரி அந்தோணியாருக்கும் நெல்லையப்பருக்கும் சேர்த்துக் கும்பிடு போட்டேன்.

"இதெல்லாம் வெளியில சொல்லக்கூடாதும்மா. எங்க போஸ்டுல குண்டு விழுந்துட்டு. நான் ரெண்டு பேரை இறக்கிக் கொண்டாந்துட்டேன்" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்டது. "இன்னும் ஒருத்தன் மேல கிடக்கான். உயிர் இருக்கு. மறுபடி போறோம்."

இசக்கித்தாயின் சிரிப்பு நின்றது. "வேற ஆள் போகட்டும் தம்பி."

"அவனுக்கும் வீட்ல ஆள் இருக்கும்லாம்மா."

அவள் வாய் திறந்தபடி இருந்தது. கண்டக்டரை ஊர்விட்டு ஓட்டிய வாய். இருபத்தைந்து வருடம் மைக்கில் அவளே சொன்ன சொல் அது. "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னாள். லைன் அதற்குள் அறுந்துவிட்டதோ என்னவோ, மறுபக்கம் சத்தமில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள், கையில் போனோடு. எபனேசர் முன்வரிசையில் ஊன்றுகோலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இசக்கித்தாய் மைக்கைப் பிடித்துக் கதையைத் தொடங்கினாள். மலை வந்தது. முதல் ஆள் இறங்கினான்.

"ரெண்டாவது, இந்தா இருக்காவளே எபனேசரண்ணாச்சி, இவியளைத் தோள்ல போட்டு இறக்கிட்டாவ."

அங்கே நின்றாள். நாங்கள் காத்திருந்தோம். ஊருக்கே மனப்பாடமான கதை, அடுத்தது என்ன என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எபனேசர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ்வளவுதான்" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். மிச்சத்தை நானும் சொல்லவில்லை. செந்தூர்பாண்டியின் மூன்றாவது ஏற்றத்துக்காகத்தான் அந்தச் சிலையையே வைத்தோம்.

இன்று ஞாயிறு. போன் இன்னும் வரவில்லை. சற்றுமுன் அவள் வீட்டுக்குப் போய்வந்தேன். மூலையில் சுருள் சரியத் தொடங்கியிருந்தது. இசக்கித்தாய் அதைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்தியபடி உட்கார்ந்திருக்கிறாள்.