எலும்பு கட்டும் சகினாலி கத்திக்குப் போனார்

ஆட்பாஷி என்ற எங்கள் மலையூரில் நாற்பது வருடம் எலும்பு கட்டியவர் சகினாலி. சாக்குக்குள் உடைத்துப் போட்ட மண்ஜாடியைப் பார்க்காமல், விரலாலேயே தடவிப் பொருத்திக் காட்டிப் பேர் வாங்கியவர். கூலி ஓர் ஆட்டுத்தொடை. கை முறிவுகள் நன்றாகவே கூடின, அதை மறுக்க மாட்டேன். இடுப்பு முறிந்த கிழவர்களையும் கைக்கு வைக்கும் அதே பலகையை வைத்துத்தான் கட்டினார். என் தாய்மாமன் அவர்களில் ஒருவர். மூன்று மாதம் கிடந்து, முதுகு அழுகிச் செத்தார். அந்த நாற்றத்தில் உட்கார்ந்து நாங்கள் தேநீர் குடித்தோம், ஆயுள் அவ்வளவுதான் என்றோம். சகினாலி முதல் நாளே கூலித் தொடையை வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

போன ஜனவரியில், எழுபத்தாறு வயதில், கொட்டில் வாசல் பனிக்கட்டியில் அவரே வழுக்கி விழுந்தார். இடது பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, கால் குட்டையாகியிருந்தது; இடுப்பு முறிவின் அடையாளம். நாங்கள் கூடிவிட்டோம். மகன் ஜெனிஷ் பலகை கொண்டுவந்தான்.

“தூக்கி எறி அதை. நரின் டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லு.”

“என்னப்பா நீங்க? நீங்களே கத்திக்குப் போனா இனி எவன் நம்ம வாசல மிதிப்பான்?”

“இந்த வயசுல அறுக்கணுமா மச்சான்?” என்றார் மைத்துனர், வந்தவர்களுக்கு வைத்த இறைச்சியை மென்றபடி. “பேசாம படுங்க, நாங்க பாத்துக்கறோம்.”

“நல்லாப் பாத்துக்குவ! நான் கட்டின இடுப்புல ஒண்ணாவது எந்திரிச்சு நடந்துச்சா? தெரிஞ்சேதான்டா கட்டினேன்.”

அப்போது அவர் முகத்தில் வெட்கம் இல்லை. பயம்தான் இருந்தது.

மறுநாள் நரினில் டாக்டர் நுர்ஜாத் முறிந்த தொடையெலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்தினார். அடுத்த காலையே நர்ஸ் அவரை எழுப்பி, நடைச்சட்டத்தைப் பிடித்து நிற்க வைத்தாள்.

நான்காம் நாள் ஜெனிஷ் அவர் காதில் சொன்னான்: “வெளிய ஒருத்தர் வந்திருக்காரு. அவங்கப்பாவுக்கு இடுப்பு முறிஞ்சிருக்கு. நீங்க சளிக்குப் படுத்திருக்கீங்கன்னு சொல்லிட்டேன். கெடுத்துடாதீங்க.”

சகினாலி நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்கே போனார். அங்கியை விலக்கித் தையலைக் காட்டினார்.

“உங்கப்பாவ இங்க கொண்டா. இன்னிக்கே.”

வந்தவன் முகம் சுளித்தான். “கைராசி போயிருச்சுன்னு சொல்லுங்க. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.” கூலிக்கென்று துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஆட்டுத்தொடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

“அந்த வேற ஆளும் நான் சொல்லிக்குடுத்தவன்தான்டா!” என்று கத்தினார் சகினாலி.

கதவு சாத்திக்கொண்டது. ஜெனிஷ் அப்பாவைப் பார்க்கவில்லை. அந்தத் தொடை போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.