மேடாகிப் போன குழி

அறிவியல் காட்சிக்கூடத்தில் அவருக்கு மாவுக்காரர் என்று பேர். பிளாஸ்டர் மாவைக் குழைத்துக் கோள்களும் நிலாக்களும் செய்கிற வேலை. முப்பது வருஷம் அந்தப் பட்டறையில் கூடவே நின்று குழைத்துக் கொடுத்தவள் அவர் மனைவி. போன வருஷம் ஒரு திறப்பு விழாவில், பெயர்ப்பலகையில் அவள் பேரையும் போடலாமே என்று இயக்குநர் கேட்டார். மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “மாவு குழைக்கிறவங்க பேரையெல்லாம் போட்டா பலகை பத்தாதுங்க” என்று நாலு பேர் எதிரில் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனவள்தான். பதினாலு மாசம். இவருக்கும் வீம்பு, ஒரு போன் போடவில்லை.

வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஒருத்தருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பதுகூட இன்னும் பிடிபடவில்லை. அங்கே இருக்கப் பிடிக்காமல் விடுமுறை நாளிலும் பட்டறைக்கு வந்துவிடுவார்.

இந்தத் தடவை செவ்வாயின் நிலா, ஃபோபோஸ். பழைய கிரேக்கக் கதையில் போர்க்கடவுளின் பிள்ளை. பேருக்கு அர்த்தமே பயம். பார்க்க என்னவோ தோல் சீவாத உருளைக்கிழங்குதான். விண்கலம் எடுத்த படங்களை மேஜையில் பரப்பி, ஆறு வாரம் உட்கார்ந்து செய்தார். ஒரு முனையில் பெரிய மேடு ஒன்று வந்தது. உருளைக்கிழங்கில் மேடு பள்ளம் இருக்காதா என்ன என்று அதைப் பார்த்துப் பார்த்து உயர்த்தினார்.

சனிக்கிழமை சாயங்காலம் பலகைக்கான குறிப்பைப் படித்தவருக்குப் பகீரென்றது. அந்த இடத்தில் இருப்பது மேடு இல்லை, பெருங்குழி. நிலாவைத் தேடித் தேடி அலுத்துப்போய்க் கைவிடப் போன விஞ்ஞானியை, இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியவள் அந்த விஞ்ஞானியின் மனைவியாம். குழிக்கு அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பேரையே வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை திறப்பு. வீம்பை விழுங்கிக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டு, படத்தில் மேடாகத் தெரிவது குழியாம் என்று சொன்னார்.

“வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுதுன்னு பாத்தீங்களா?” என்றாள் அவள், நேற்றுத்தான் பேசியவள் போல. “படத்தைத் தலைகீழாத் திருப்புங்க.”

திருப்பினார். மேடு அப்படியே உள்ளே போய்க் குழியானது. முப்பது வருஷமும் படங்கள் சரியான பக்கமாகவே அவர் மேஜைக்கு வந்தன. அவை தாமாக அப்படி வருகின்றன என்றே நினைத்திருந்தார், பாவி மனுஷன்.

“நான் அன்னைக்குப் பேசினது தப்பு” என்றார். “பலகையில உன் பேரை முதல்ல போடறேன். வந்துடேன்.”

“இந்த நிலாவுல நான் கை வைக்கலயே” என்றாள். “உங்க பேரையே போட்டுக்கோங்க.”

போனை வைத்துவிட்டாள். குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபம் இருந்திருந்தால் வருவாள் என்று நம்பியிருப்பார்.