மூன்று புள்ளி, ஒரு கோடு

துணி எதுவானாலும் பொற்கொடி முதலில் அதன் மூலையைத்தான் திருப்பிப் பார்ப்பாள். திருவரங்குளம் பஸ் நிறுத்தத்தில் அவளுடைய இஸ்திரி வண்டி நிற்கிறது. பேண்ட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம், எது வந்தாலும் மூலையைப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் தூக்குவாள். டவுன் பஸ்ஸில் ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரியின் முந்தானையைத் திருப்பிவிட்டு வசவு வாங்கினாள். "பழக்கத்துல கை போயிருச்சு, கோவிச்சுக்காத தாயி" என்றாள்.

அவள் அப்பா ஊர்த் துணி வெளுத்தவர். ஐம்பது வீட்டு வேட்டியும் துண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் என்பதால் வீட்டுக்கு ஒரு குறி. சேராங்கொட்டைப் பாலால் மூலையில் போட்டுவிட்டால் துணி கிழிந்தாலும் குறி போகாது. மகள்கள் இரண்டு பேருக்கும் அ, ஆவுக்கு முன்பே அந்தக் குறிகள் அத்துப்படி.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அக்கா சந்தனம் கண்மாய்க்கரையில் செத்துக் கிடந்தாள். கழுத்தை இறுக்கியிருந்த துண்டின் மூலையில் மூன்று புள்ளி, ஒரு கோடு. மேலத்தெருப் பெரிய வீட்டுக் குறி. பதினேழு வயதுப் பொற்கொடி அதை ஸ்டேஷனில் நின்றுகொண்டே சொன்னாள். "அழுக்குத் துணி எடுக்குறவ எங்களுக்குத் துப்புச் சொல்ல வந்துட்டாடா" என்று சிரித்தார்கள். யாருடைய துண்டென்று தெரியவில்லை என எழுதி, கேஸை மூடினார்கள்.

அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் கிடக்கிறது. காக்கிச் சட்டை தேய்த்துக் கொடுக்கும்போதெல்லாம் சொல்வாள்: "மடிப்பு கத்தியாட்டம் நிக்குது பாத்தீங்களா சார்? ஒங்க கேசுதான் நிக்க மாட்டேங்குது." பெரிய வீட்டுத் துணியென்றால் கை நீட்டமாட்டாள். "அங்கிட்டுக் கொண்டு போ. எம் பெட்டி அதுல படாது."

போன மாதம் புது இன்ஸ்பெக்டர் சொர்ணவல்லி அந்தக் கேஸை மறுபடி எடுத்தார். பழைய மூட்டையைப் பிரித்தபோது துண்டு நைந்து பழுப்பேறியிருந்தது. குறி மட்டும் கருகருவென்று இருந்தது. அப்பா இப்போது இல்லை. அதைப் படிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரம். ஏட்டு ஆரோக்கியதாஸ் எழுதினார். பொற்கொடி ஒன்று விடாமல் சொன்னாள். கையெழுத்துக்காக அவர் தாளைத் திருப்பியதும் வரிவரியாக விரல் ஓட்டிப் படித்தாள்.

"ஊர்ல ஏதோ ஒரு வீட்டுக் குறின்னு போட்டிருக்கீங்க. எந்த வீடுன்னு நான் சொன்னேன்ல?"

"அதெல்லாம் மேடம் விசாரிச்சுக்குவாங்கம்மா. பெரிய எடம். நீ நாளைக்கும் அந்த ஊர்ல பொழைக்கணும்ல?"

"எங்கக்காளப் பொழைக்க விட்டாங்களா?"

"எங்கிட்ட எதுக்கு சத்தம் போடுற? போடும்மா கையெழுத்த." பேனாவை நீட்டினார்.

பொற்கொடி பேனாவை வாங்கவில்லை. தாளை எடுத்து நாலாகக் கிழித்து மேசைமேல் வைத்தாள். காகிதக் கட்டிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவி அவர் முன்னால் போட்டு, மேசை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.