பைய என்றொரு பதில்

முடக்குவாதப் பிரிவில் மேற்படிப்பு படித்த காலத்தில் எனக்கு வாய்த்த வேலை, கேள்வி கேட்டு டிக் அடிப்பது. நிறைந்த செம்பைத் தூக்க முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடிகிறதா என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்க வேண்டும். சிரமமில்லை என்பதில் தொடங்கி முடியவே இல்லை என்பது வரை நாலு கட்டங்கள். அந்த மதிப்பெண்களை வைத்துத்தான் என் ஆய்வேடு. புதிதாக வந்திருந்த ஊசி யாருக்கு என்ற பட்டியலும் அதை வைத்துத்தான், சிரமம் கூடினவர்களுக்கு முதலில்.

ராதாபுரம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் அக்கா ஒருத்தி மாதாமாதம் முதல் பஸ்ஸில் வருவாள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"பைய செய்யுதேன், டாக்டரம்மா."

நானும் அதே ஜில்லாவில், டவுணில் பிறந்தவள்தானே. பைய வா, பைய போ என்று நாள் முழுக்கக் காதில் விழுகிற சொல், மெதுவாக என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு, செய்யுதேன் என்பதை மட்டும் காதில் வாங்கி, சிரமமில்லை என்று டிக் அடித்துக்கொண்டே போனேன். வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் பைய என்றால் என்னவென்று கேட்டிருப்பேன். பெரிய கெட்டிக்காரி நான்.

ஒரு நாள் கேள்விகள் முடிந்ததும் அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள், வழுக்கியது. முந்தானையைச் சுற்றித் திருகிப் பார்த்தாள். கடைசியில் பல்லால் கடித்துத் திருகினாள். அதற்குள் நான் அடுத்த ஆளின் பாதிப் படிவத்தை முடித்திருந்தேன். அவள் பைய என்றது இதைத்தான்.

அவளுடைய படிவத்தைத் திருத்தினால் பேராசிரியர் ஏன் என்று கேட்பார். சொன்னால், அலமாரியில் இருக்கிற என் படிவங்கள் அத்தனையிலும் எத்தனை பைய என்று தோண்டுவார். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. வாயைத் திறந்தால் என் மூன்று வருடம் போச்சு, திறக்காவிட்டால் அவள் விரல்கள் போச்சு. கதவு திறந்திருந்த அறையில் அந்தப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் எட்டிப் பார்த்து எல்லாம் சரிதானே என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு வெறுப்புதான்.

பட்டியலில் அவள் இல்லை. மறுமாதம் வந்தபோது கோபமே இல்லாமல் கேட்டாள்.

"எனக்கு எப்ப ஊசி, டாக்டரம்மா?"

"பைய போடலாம்க்கா."

அந்தச் சொல் அவளுக்கு நன்றாகவே புரிந்தது. மருந்துச் சீட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.