சகலையின் பதினைந்து கியர்

போன ஞாயிறு மயிலம் மலைமேல் மாமனார் என்னைப் பாராட்டினார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்... முடியவில்லை.

காரணம், என் சகலை. மனைவியின் தங்கை கணவர், திண்டிவனத்துக்காரர். சிங்கப்பூரில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, போன மாதம் ஒரு சைக்கிளோடு திரும்பினார். மலையேறும் சைக்கிளாம். கொழுத்த டயர், சிவப்பு பெயின்ட், பதினைந்து கியர். விழுப்புரத்தில் மாமனார் வீட்டு வாசலில் அதை நிறுத்தினார் – தெருவே கூடிவிட்டது. அந்த வீட்டுக்கு டிவி வந்த அன்றுகூட இவ்வளவு கூட்டமில்லை. மாமியார் அதற்குத் திருஷ்டி கழித்தார். பக்கத்தில் நின்ற என் கறுப்பு சைக்கிளை, "வழியில நிக்குது" என்று யாரோ ஓரமாக நகர்த்தி வைத்தார்கள்.

பொறாமையா? ஆமாம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிறு குடும்பத்தோடு மயிலம் கோயிலுக்குப் போக ஏற்பாடு. மற்றவர்கள் பஸ்ஸில். "நாம சைக்கிள்லயே போலாமா சகல?" என்றார் சகலை. "போலாமே" என்றேன். நேராகப் போய் நின்ற இடம், ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் கடை.

கடைக்கார பாய் என் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பதினெட்டு பல்லு இருக்குது. பதினாறு போட்டா ரோட்ல பறக்கலாம், மேட்டுல நாக்கு தள்ளிடும். இருபத்திரண்டு போட்டா மேடு ஏறும், ரோட்ல ஜல்தியா போவ முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்."

"கியர் வண்டிக்கு மட்டும் ரெண்டும் உண்டா?"

"அதுல எல்லாப் பல்லும் இருக்குதே. பொம்மையார்பாளையம் பக்கத்துலேருந்து வெள்ளக்காரங்க ரிப்பேருக்குக் கொண்டாருவாங்க. முன்னாடி சின்ன பல்சக்கரம், பின்னாடி பெரிய பல்சக்கரம்னு செயினை மாத்தினா மேடு சும்மா ஏறும். ஆனா மிதிச்சிக்கினே மாத்தணும். மிதிக்காம மாத்தினா செயின் வுழுந்துடும்."

யோசித்தேன். மாமனார் எங்கே காத்திருப்பார்? மலைமேல்.

"இருபத்திரண்டே போடுங்க பாய்."

ஞாயிறு காலை, என் கால்கள் தையல் மிஷின் மாதிரி ஓடின, வண்டி ஊர்ந்தது. சகலை கண்ணிலிருந்தே மறைந்துவிட்டார். கூட்டேரிப்பட்டு டீக்கடையை நான் எட்டியபோது அவர் இரண்டாவது டீயில் இருந்தார். "மெதுவா வாங்க சகல, என்ன அவசரம்" என்று எனக்கும் ஒன்று சொன்னார். அந்த அன்புதான் இன்னும் எரிச்சல்.

பிறகு மலைப்பாதை. பாதி மேட்டில் அவர் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

"கியரை மாத்தலையா?"

"ஒரு தடவை மாத்தினேன் சகல, செயின் கழண்டுகிச்சி. அதுலேருந்து தொடறதில்ல. ஊரே வேடிக்கை பார்க்குது, யார்கிட்ட போய் கேக்கறது? உங்களுக்கு எதாச்சும் தெரியுமா?"

செயின் முன்னால் பெரிய பல்சக்கரத்திலும், பின்னால் சின்னதிலும் கிடந்தது. பாய் சொன்னதெல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது.

"தெரியலையே சகல" என்றேன். மிதித்து ஏறிப் போனேன்.

"பெரிய மாப்பிள்ள பழைய வண்டியிலயே ஏறிட்டாரு பாரேன்" என்றார் மாமனார். கால் மணி நேரம் கழித்து சகலை தள்ளிக்கொண்டு வந்தார். மாமனார் சிரித்தார். சகலையும் சிரித்தார் – தரையைப் பார்த்து.

நேற்று மனைவி சொன்னாள்: "அந்த சைக்கிளை விக்கப் போறாராம். மேடு ஏறாத வண்டி எதுக்குங்கிறாராம்."

"என்ன வெல சொல்றாரு?" என் வாய் முந்திக்கொண்டது.

மனைவி என்னையே பார்த்தாள். பொறாமை ஒரு மனிதனை எவ்வளவு கீழே இறக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேரில் சொல்ல முகமில்லை. ஆனால் இந்தப் பத்திரிகைப் பக்கத்தை அவர் வாராவாரம் படிப்பவர்...

சகலை, வண்டியை விற்காதீர்கள். மிதித்துக்கொண்டே கியரை மாற்றுங்கள். எனக்கு அன்றைக்கே தெரியும்.