தழும்பின் மேல் ஒரு பொட்டு

ஒரு நல்ல கிற்றாரில், வேண்டுமென்றே, இடம் அளந்து, சிகரெட்டால் சூடு வைக்கிற ஆட்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் என் அப்பா. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு நேரம் தரமாட்டேன்.

ஹம்பேர்க்கில் எங்கள் சொந்தக்காரர்கள் சனிக்கிழமையானால் பிறந்தநாளுக்கோ பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக்கோ போவார்கள். அப்பா ஒரு நிலவறைக்குப் போவார். அங்கே ஐந்தாறு ஜேர்மன்காரர்கள், செத்துப்போன ஒரு கிற்றார்க் கலைஞனைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவன் இருந்த குழு ஒரு பாட்டைத் தொடங்கினால் அது எங்கே போகும் என்று குழுவுக்கே தெரியாது. ஒவ்வொரு மேடையிலும் வேறு வழியால் போய் வேறு இடத்தில் நிற்கும். அவனுடைய நல்ல காலம் குடியை விட்டதற்கு முன்னரா பின்னரா, அந்தச் சத்தம் அவன் விரலில் இருந்ததா ஒலிபெருக்கியில் இருந்ததா? இதுதான் அவர்களுடைய சமயம். இருமுறை போயிருக்கிறேன். கோயில் நிர்வாகசபைக் கூட்டத்தைவிட மோசம்.

அப்பா இதற்குள் விழுந்த கதை சின்னது. நாட்டைவிட்டு வந்த புதிதில் ஓர் இசைமண்டபத்தில் கோப்பை கழுவினார். ஒருநாள் முதல் கோப்பையை எடுக்கும்போது தொடங்கிய பாட்டு, கடைசிக் கோப்பையைத் துடைத்து வைத்தபோதும் முடியவில்லை. உள்ளே ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்து எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், ஆள் திரும்பி வரவில்லை. கிற்றாரும் பழகிக்கொண்டார்.

அம்மாவுக்கு இது ஒருநாளும் பிடிக்கவில்லை.

“முடிக்கத் தெரியாமத்தான் அரை மணித்தியாலமா இழுக்கிறாங்களோ?”

“முடிக்க மனமில்லையப்பா” என்று அப்பா அம்மாவுக்குச் சொல்வார்.

“வேலை வெட்டி இல்லாதவைக்கு மனமிராதுதான்.”

செத்தவனின் கிற்றாரைப் போலவே அப்பாவின் காசில் இன்னொன்று செய்ய அவர்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதே மரம், கையால் சுற்றிய அதே செப்புக்கம்பிச் சுருள், அதே நிறம். நிலவறையின் தலைவர் ஒரு தாடிக்காரர். பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு கீறலையும் அடிமட்டத்தால் அளந்தார். கடைசியாக மிஞ்சியது தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட பள்ளம். செத்தவன் வாசிக்கும்போது சிகரெட்டை அங்கேதான் செருகி வைப்பானாம். நினைவுக் கச்சேரியில் அவனுடைய பகுதியை வாசிக்க அப்பாவைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். ஆகவே சூடு வைக்கும் மரியாதையும் அப்பாவுக்கு. வீட்டுக்கு வந்தவரின் சட்டையை அம்மா மணந்து பார்த்தார்.

“எப்ப தொடக்கம் இந்தப் பழக்கம்?”

“நான் பத்தேல்லையப்பா. கிற்றாருக்குத்தான் வைச்சனான்.”

அம்மா சிரிக்கவில்லை. ஒரு கிழமை பேசவும் இல்லை.

அந்த வருடம் கச்சேரிக்கு முதல்நாள் சரஸ்வதி பூசை வந்தது. எனக்குப் பத்து வயது. சாமிக்கு முன்னால் வைத்த புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதால் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாக ஓடிப்போய் வைத்தேன். அம்மா அறைக்குள் போய், அதுவரை “கட்டை” என்று மட்டுமே சொல்லிவந்த கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்து என் புத்தகத்துக்குப் பக்கத்தில் சாய்த்தார். சந்தனம் எடுத்தார். மரத்தில் இருந்த அந்தக் கறுத்த பள்ளம் அவருக்கு அசிங்கமாகப் பட்டிருக்க வேண்டும். சரியாக அதற்குள்ளேயே சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். அப்பா பின்னால் நின்று பார்த்தார். அடுத்தநாள் காலை எழுந்து கும்பிட்டுவிட்டுக் கிற்றாரை எடுத்து உறையில் போட்டார். துடைக்கவில்லை.

அன்றைக்கு அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு எஸ்-பான் ரயிலில் போனார். மண்டபத்தில் உறையைத் திறந்ததும் தாடிக்காரரின் முகம் மாறிவிட்டது. செத்தவனின் தங்கை முன்வரிசையில் இருக்கிறாள், அண்ணனின் கிற்றாரை அப்படியே காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அந்தத் தழும்பைத்தான் அவள் முதலில் தேடுவாள் என்றார். பொய் சொல்லவில்லை, மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. ஈரத்துணியை நீட்டினார்.

அப்பாவின் ஜேர்மன் நல்ல ஜேர்மன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஊர்ச்சனம் முழுவதற்கும் மொழிபெயர்த்தவர். “சரி ஐயா, நன்றி ஐயா” என்று எல்லா மேசைக்கு முன்னாலும் குனிந்து நின்றவர். அன்றைக்கு அவர் ஜேர்மனில் பேசவில்லை.

“ஏலாது.”

தாடிக்காரருக்கு விளங்கியது. அப்படியென்றால் வேறு ஆள், வேறு கிற்றார் என்றார். அப்பா உறையை மூடினார்.

எனக்கு அழுகை வந்தது. எச்சில் தொட்ட கைலேஞ்சியோடு நான் பின்னால் ஓடினேன். “அப்பா, நான் துடைச்சுத் தாறன், சின்னப் பொட்டுத்தானே!”

“கையை எடு. கொம்மா வைச்சது.”

மண்டபத்தின் பின்முற்றத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு அப்பா அதில் உட்கார்ந்தார். உள்ளே வேறொருவன் அதே பாட்டைத் தொடங்கினான். வெளியே அப்பாவும் தொடங்கினார். மின்சாரம் இல்லாத அந்தக் கிற்றார் நுளம்பு மாதிரிச் சிணுங்கியது. எனக்குக் குளிர், பசி, வெட்கம். உள்ளே கைதட்டல் கேட்டது. அப்பா நிறுத்தவில்லை.

வீட்டில் அம்மா வேலைச் சட்டையோடு நின்றார். “வாசிச்சனீங்களோ?”

“ஓம். அரை மணித்தியாலம்.”

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

“இந்தமுறையாவது முடிச்சனீங்களோ?”

“இல்லையப்பா.”

அம்மா சிரித்தார். அப்பாவுக்கு அம்மா என்றால் சரியான பயம் என்றுதான் நான் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டையை அம்மா தானாகத் தூக்கியது அதுதான் முதல்தடவை என்பதும், அப்பா அதற்காக எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பதும் பத்து வயதுக் கழுதைக்கு எங்கே தெரியும்?

போனகிழமை ரசிகர் குழுமத்தில் கிற்றாரின் படத்தைப் போட்டேன். அசலில் இந்தச் சிவப்பு இல்லை, சுத்தம் செய்யவும் என்று ஒரு மேதாவி உடனே எழுதினான். ஓம் தம்பி, இல்லைத்தான். அசல்காரனுக்கு வீட்டில் அப்படி ஒருத்தி இருந்திருக்கமாட்டாள். துடைக்கமாட்டேன். யார் கேட்டாலும் ஏலாது.

அப்பாவின் கிற்றார் இப்போது பேர்லினில், என் கட்டிலில் கிடக்கிறது. வாசித்து வாசித்து மூன்றாம் தந்தி அறுந்துவிட்டது. தந்தி விற்கிற கடை ஆறு மணிக்குப் பூட்டிவிடும்.