இரண்டு கம்பனிகளின் சண்டை

எங்கள் கடற்கரையில் சொந்த வலை வைத்து ஆள் நடத்தும் சம்மாட்டிமார் இரண்டு பேர் பகைத்துக்கொண்டால், ஒருவருடைய ஆட்கள் மற்றவருடைய வாடியில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அவர்களில் ஒருவர் மேல் நமக்கு வழக்கு இருந்தால் நேரே மற்றவரிடம் போய்விடலாம். நமக்காக அவர் கோயிலில் சத்தியமும் செய்வார். சண்டை பிடிப்பவர்கள் இரண்டு பேர் என்பதில் எங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்த நம்பிக்கைதான் என் அப்பாவின் வாடியைத் தின்றது. அதற்கு ஊட்டியவள் நான்.

அப்பாவுக்கு ஒரு கரைவலை இருந்தது. வலை வைக்க, கருவாடு காயப்போட, ஆட்கள் படுத்தெழும்ப, கரையில் ஓர் ஓலை வாடி. பின்னால் இருந்த தென்னங்காணி முன்பு கனமூலை ஊர் முஸ்லிம் முதலாளி ஒருவருடையது. வாடி நிலமும் அதற்குப் போகும் பாதையும் எங்கள் வலைக்கே உரியவை என்று அவர் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்து ஒரு தாள் கொடுத்திருந்தார். அவர் மௌத்தான பிறகு பிள்ளைகள் காணியைக் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு விற்றார்கள். தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரத் துரை கடல்வரைக்கும் கம்பி வேலி அடிக்கப்போவதாகவும் வாடியைப் பிரிக்கும்படியும் கடிதம் அனுப்பினார்.

நான் கன்னியர் மடத்தில் படித்தவள். ஊரில் இங்கிலீசுக் கடிதம் வாசிக்கத் தெரிந்த ஒரே பெண் என்ற திமிர் எனக்குக் கொஞ்சமல்ல. வாசித்து முடித்ததுமே என் புத்தி முந்தல் ஊரில் இருந்த லொறிக் கம்பனிக்கு ஓடியது. எங்கள் மீனைக் கொழும்புக்கு ஏற்றுவது அந்தக் கம்பனிதான். லொறிகள் வரும் பாதையைத் தோட்டத்துரை மறித்துப் படலை போட்டதிலிருந்து, லொறிக் கம்பனி மனேச்சருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். மனேச்சர் தமிழர். எங்கள் ஆட்களுக்கு முன்னாலேயே துரையை வாய்க்கு வந்தபடி ஏசுவார்.

“ஒரே ஒரு தாள், மகள். கைய விட்டுப் போகக் கூடா,” என்றார் அப்பா.

“துரைட பேரக் கேட்டாலே அந்த ஐயாவுக்குக் கொதிக்குது. அவரவிட நமக்கு ஆர் இருக்கு?” என்றேன்.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மனேச்சர் இரண்டு தரம் வாசித்துவிட்டு மேசையில் தட்டினார். “இது போதும். எங்கட கொழும்புக் கந்தோருக்கு அனுப்புறன். அவங்க வக்கீல் வச்சுக் கேப்பாங்க. நீங்க பயப்படாதீங்க,” என்றார். அவர் நடிக்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். நடித்திருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மாதக்கணக்கில் பதில் இல்லை. வேலி வேலையும் நகரவில்லை. அதற்குள் யுத்தம் வந்தது. வெள்ளைக்காரத் துரை பட்டாளத்துக்குப் போனார். சனியன் தொலைந்தது என்று ஊரே மகிழ்ந்தது. புதிய துரை வந்ததும் அப்பா நல்ல அறுக்குளா மீன் ஒன்றைக் காணிக்கையாகத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். நானும் கூடப் போனேன். விறாந்தைக் கதிரையில் இருந்தவர் எங்கள் லொறிக் கம்பனி மனேச்சர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இனி எங்கட வாடிக்குப் பயமில்லத்தானே, ஐயா?” என்றார் அப்பா.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “வாடி தோட்டத்து எல்லைக்குள்ள இருக்கு. உரிமைக்கு எழுத்து ஏதும் இருந்தாக் காட்டுங்க.”

“உங்கட கையிலதானே தந்தம்!”

“லொறிக் கம்பனி மனேச்சரிட்டத் தந்தீங்க. அது கொழும்புக்குப் போயிட்டு. இப்ப நான் தோட்டத்துத் துரை. இந்தக் கந்தோரில அப்பிடி ஒரு தாள் இல்ல.”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். தோட்டக் கம்பனியின் பங்குகளும் லொறிக் கம்பனியின் பங்குகளும் கொழும்பில் ஒரே பெரிய கம்பனியின் கையில்தான் இருந்தனவாம். தாள் போய்ச் சேர்ந்ததும் அங்கேதானாம். “மாத்தல் கடிதம் வந்த அண்டைக்குத்தான் எனக்கே தெரியும்,” என்றார்.

அந்தப் பெரிய கம்பனி ஒரு தென்னையும் நட்டதில்லை, ஒரு லொறியும் ஓட்டியதில்லை. கம்பனிகளை வைத்திருப்பதுதான் அதன் தொழிலாம். அதன் ஒரு கை மற்றக் கையோடு அடித்து விளையாடியபோது, நடுவில் எங்கள் கன்னத்தைக் கொண்டுபோய் வைத்தவள் நான். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்; நான் ஓணானைத் தேடிப்போய்க் கும்பிட்டேன். அறுக்குளாவைத் திருப்பிக் கேட்கவும் முடியவில்லை. குசினிக்காரன் அதை அதற்குள் வெட்டிவிட்டான்.

வாடியைப் பிரித்தார்கள். வலை கைமாறியது. சம்மாட்டியாக இருந்த அப்பா வேறொருவரின் வலைக்குக் கயிறு இழுக்கப் போனார். தாள் எங்கே என்று ஊர் கேட்டபோது, கறையான் தின்றுவிட்டது என்று சொன்னார். என் பெயரை எடுக்கவே இல்லை. தொழில் இழந்த ஆட்கள், ஒரு தாளைக் காக்கத் தெரியாத மனிதன் என்று எனக்கு முன்னாலேயே அவரைத் திட்டினார்கள். சாகும்வரை அந்தத் திட்டை அவர் வாங்கினார். நான் வாய் திறக்கவில்லை.

அதே ஆட்கள் தங்கள் கடிதங்களை வாசிக்க என்னிடம்தான் வந்தார்கள். “பிள்ளை படிச்ச பிள்ளை. தகப்பனப் போல இல்ல,” என்பார்கள். நான் கையை நீட்டிக் கடிதத்தை வாங்குவேன்.